சிறையும் வேண்டாம், கடையும் வேண்டாம்: கஞ்சாச் சட்டத்தின் அரசியல்

(சென்னை ராயப்பேட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘கஞ்சா’ என்று அச்சடிக்கலாமா என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். தாராளமாக அச்சடியுங்கள் என்றேன். நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அன்றாடம் அச்சாகிற சொல்தானே? குற்றச் செய்தியாக மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்கிற அந்த விஷயத்தை இன்று ஒரு மணி நேரம் அரசியலாகவும் சட்டமாகவும் பார்க்கலாம் என்பதே என் எண்ணம்.

நாம் கூடியிருக்கும் ராயப்பேட்டையில் இரண்டு கட்சிகளின் மாநிலத் தலைமையகங்கள் இருக்கின்றன. அவ்வை சண்முகம் சாலையில் அ.தி.மு.க. அலுவலகம், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் காங்கிரசின் சத்தியமூர்த்தி பவன். தி.மு.க.வின் அண்ணா அறிவாலயம் பக்கத்துத் தேனாம்பேட்டையில். கஞ்சாவை ஒழிக்க வேண்டும் என்பதில் இவர்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது. யார் ஆட்சியில் அது பெருகியது என்பதில்தான் சண்டை. வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள் ஒன்றில் மட்டும் முழுமையாக ஒத்துப்போனால், அங்கே யாரும் யோசிக்கவில்லை என்று சந்தேகப்படுவது குடிமக்களின் கடமை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்று கேட்கும்போது நாம் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். புகைத்தவனைச் சிறையில் அடைக்கலாமா என்பது ஒன்று. அதைக் கடை வைத்து விற்கலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கும் ‘கூடாது’ என்பேன். இரண்டாவதற்கும் ‘கூடாது’ என்பேன். இரண்டும் முரண் அல்ல என்று காட்டுவதே இந்த உரை.

ஒரு பழைய விசாரணை

1893 மார்ச் மாதம் பிரிட்டிஷ் மக்கள் சபையில் வில்லியம் ஸ்ப்ராஸ்டன் கெய்ன் என்ற உறுப்பினர் ஒரு கேள்வி எழுப்பினார். மதுவிலக்கு இயக்கத்தில் தீவிரமானவர். இந்திய தேசிய காங்கிரசுக்கு நண்பர். வங்காளத்தில் கஞ்சா விளைச்சலும் விற்பனையும் மக்களை எப்படிப் பாதிக்கின்றன என்று விசாரிக்க ஆணையம் வேண்டும் என்றார். அரசு ஒப்புக்கொண்டது. விசாரணை வங்காளத்தோடு நிற்காமல் பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் விரிந்தது. மேக்வொர்த் யங் தலைவர். ஏழு உறுப்பினர்களில் மூவர் இந்தியர்கள். 1,193 சாட்சிகளை விசாரித்து, 3,000 பக்கங்களுக்கு மேல் நீளும் அறிக்கையை 1894இல் அளித்தார்கள். இந்திய சணல்போதைப் பொருள் ஆணையம் என்று அதைச் சொல்லலாம்.

அந்த ஆணையம் செய்த ஒரு வேலையை இன்றைய ஆய்வாளர்களும் பாராட்டுவார்கள். கஞ்சா பைத்தியம் பிடிக்கவைக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டியது மனநலக் காப்பகங்களின் பதிவேடுகளை. நம் கீழ்ப்பாக்கத்தில் 1871இல் தொடங்கியது போன்ற காப்பகங்கள் அவை. உறுப்பினர்கள் பதிவேட்டை அப்படியே நம்பாமல் ஒவ்வொரு நோயாளியின் வரலாற்றையும் தோண்டினார்கள். 1892ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டவர்கள் 1,344 பேர். அதில் 222 பேருக்குக் காரணம் ‘கஞ்சா’ என்று எழுதியிருந்தது. தோண்டிப் பார்த்தபோது 98 பேருக்குத்தான் கஞ்சாவுக்கும் நோய்க்கும் தொடர்பு சொல்ல முடிந்தது. வேறு காரணம் கலவாதவை 61. மற்றவர்கள்? வீதியில் திரிந்தவரைக் காவலர் கொண்டுவந்து விடுவார். காரணம் என்ற கட்டத்தில் ஏதாவது எழுதியாக வேண்டும். கஞ்சா என்று எழுதிவிடுவார்கள். பல பதிவுகளின் கதை அவ்வளவுதான்.

அளவோடு பயன்படுத்துவோருக்குப் பெரிய தீங்கு இல்லை, மிதமிஞ்சிப் பயன்படுத்துவோருக்குத் தீங்கு உண்டு, முழுத்தடை தேவையில்லை, வரியும் உரிமமும் கட்டுப்பாடும் போதும் என்பது ஆணையத்தின் முடிவு. இந்த அறிக்கையைக் கஞ்சா ஆதரவாளர்கள் வேதம்போல் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. கலால் வருவாய் பெற்றுக்கொண்டிருந்த அரசு நியமித்த ஆணையம் அது. வரி போட்டு அனுமதிக்கலாம் என்ற பரிந்துரை கஜானாவுக்கு இனித்தது. ஆதாரங்களை நேர்மையாகத் தேடினார்கள் என்பதும் உண்மை. வந்த முடிவு வசூலுக்கு வசதியாக இருந்தது என்பதும் உண்மை. இந்த இரண்டாவது உண்மையை மனத்தில் வையுங்கள். டாஸ்மாக் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

தடை வந்த வழி

தடைக்கான குரல் விடுதலை இயக்கத்தோடு சேர்ந்து வளர்ந்தது. ராஜாஜி 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதற்காக இயற்றிய 1937ஆம் ஆண்டுச் சட்டம் கள், சாராயத்தோடு நிற்கவில்லை. கஞ்சாவையும், அதே செடியின் இலையில் செய்யும் பாங்கையும் போதைப்பொருள் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. பின்னர் அரசியல் சாசனத்தின் 47ஆம் பிரிவு, உடல்நலத்துக்குக் கேடான மதுவையும் போதைப்பொருளையும் மருத்துவத் தேவைக்கு அல்லாமல் பயன்படுத்துவதை விலக்க அரசு முயல வேண்டும் என்றது.

1961இல் ஐ.நா.வின் போதைப்பொருள் ஒற்றை ஒப்பந்தம் வந்தது. கஞ்சாவை ஹெராயினோடு ஒரே வரிசையில் வைத்த ஒப்பந்தம் அது. மரபாகப் பயன்படுத்திவரும் நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் கிடைத்தது. இலையை வரையறையில் சேர்க்காமல் விட்டார்கள். வட இந்தியாவின் பாங்கு தப்பியது. ஒப்பந்தம் 1964 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது, கெடு 1989. ராஜீவ் காந்தி அரசு 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆகஸ்டு 23ஆம் தேதி மசோதா; செப்டம்பர் 16ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல்; நவம்பர் 14 முதல் நடைமுறை. காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் என்.டி.பி.எஸ். என்று சொல்வது இதைத்தான்.

அமெரிக்க நெருக்குதலால் வந்த சட்டம் என்று பரவலாகப் பேசுகிறார்கள். நெருக்குதல் இல்லாமலே விளக்க முடியும். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் கெடு நெருங்கியது. 47ஆம் பிரிவு கையில் இருந்தது. எதிர்ப்பதற்கு வாக்கு வங்கி எதுவும் இல்லை. கஞ்சா புகைப்பவர்களுக்குச் சங்கம் கிடையாது. இத்தனை கடுமையான சட்டம் நான்கு வாரங்களுக்குள் நாடாளுமன்றத்தைக் கடந்துவிட்டது என்றால் இழப்பவர்களின் குரல் அங்கே இல்லை என்று பொருள்.

இன்னொரு தகவலும் இங்கே பொருந்தும். 2020 டிசம்பர் 2ஆம் தேதி, கஞ்சாவை அந்த ஒற்றை ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து நீக்கலாமா என்று ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 27, எதிர்ப்பு 25. ஆதரித்த 27 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. வியன்னாவில் கை தூக்கிய அரசு, அந்தக் கருத்தை ஊரில் வந்து பேசவில்லை.

சட்டம் எப்படி வேலை செய்கிறது

சட்டத்தில் கஞ்சா என்பது செடியின் பூவும் காயும் கொண்ட நுனிப்பகுதி. நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகா. 2001இல் ஒரு திருத்தம் வந்து அளவுக்கு ஏற்றபடி தண்டனையைப் பிரித்தது. ஒரு கிலோ வரை சிறிய அளவு: ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு: பத்து முதல் இருபது ஆண்டுகள். இடைப்பட்டதற்குப் பத்தாண்டு வரை. புகைத்தது மட்டுமே குற்றமென்றால் 27ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை.

சிறிய அளவுக்கு முதலில் ஆறு மாதம்தான் உச்சம். 2014ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ஓராண்டு ஆக்கியது. உலகின் பல நாடுகள் தளர்த்திக்கொண்டிருந்த காலத்தில் நாம் இறுக்கினோம்.

இந்தச் சட்டத்தின் வலு தண்டனை அளவில் மட்டும் இல்லை. 35ஆம் பிரிவும் 54ஆம் பிரிவும் பொருள் கையில் இருந்தது என்று நிரூபித்தால் போதும், குற்ற மனத்தையும் குற்றத்தையும் நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம் என்கின்றன. குற்றமற்றவன் என்று காட்டும் சுமை குற்றம் சாட்டப்பட்டவன் தலையில். வணிக அளவு வழக்கில் ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. 37ஆம் பிரிவு வழிமறிக்கும். இவற்றுக்கு மேல் நம் மாநிலத்தின் 1982ஆம் ஆண்டுத் தடுப்புக்காவல் சட்டம், ஊர் வழக்கில் குண்டாஸ். அதன் பெயரிலேயே போதைப்பொருள் குற்றவாளிகள் உண்டு. விசாரணை இல்லாமல் ஓராண்டு உள்ளே வைக்கலாம்.

இத்தனை அதிகாரம் ஒரு பொட்டலத்தை ஒட்டி நிற்கும்போது என்ன ஆகும்? ‘கஞ்சா கேஸ் போட்டு உள்ளே தள்ளிவிடுவேன்’ என்ற மிரட்டலைத் தமிழ்நாட்டில் கேட்காதவர் உண்டா? சினிமாவில் போலீஸ்காரர் சொல்வார். தெருவில் வட்டிக்காரர் சொல்வார். அரசை விமர்சிப்பவர் மீது கஞ்சா வழக்குப் பாய்ந்தால், உண்மையோ பொய்யோ, கேட்ட மாத்திரத்தில் மக்களில் பாதிப் பேர் நம்புவதில்லை. ஒரு சட்டத்துக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

உச்ச நீதிமன்றத்துக்கும் இந்தக் கவலை உண்டு. 2020 அக்டோபரில் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், 67ஆம் பிரிவின் கீழ் விசாரணை அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாக வைத்துத் தண்டிக்க முடியாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. நம் மாநிலத்து வழக்கில் பிறந்து நாடு முழுவதும் பயன்படுகிற தீர்ப்பு.

வேட்டையும் எலிகளும்

தமிழ்நாட்டுக்கு வரும் கஞ்சாவின் பெரும்பகுதி ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளில் விளைகிறது. விசாகப்பட்டினத்து ஏஜென்சி என்னும் பழங்குடிப் பகுதி, மல்கன்கிரி, கோராபுட். பழங்குடி விவசாயிக்குக் கிடைப்பது சொற்பம். இடைத்தரகருக்குக் கொழுத்த பங்கு. ரயிலில் வருகிறது, சென்னை சென்ட்ரலில் உரிமை கோர ஆளில்லாத பைகளைக் காவலர்கள் அடிக்கடி எடுக்கிறார்கள். ஒரு பகுதி ராமேசுவரம், வேதாரண்யம் கரைகளிலிருந்து படகேறி இலங்கைக்குப் போகிறது. யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் அதைக் ‘கேரள கஞ்சா’ என்கின்றன. கேரளத்துக்கும் அதற்கும் பல நேரம் சம்பந்தமே இல்லை.

ஆந்திரக் காவல்துறை 2021இல் ‘பரிவர்த்தனா’ என்று பெயரிட்டு ஆயிரக்கணக்கான ஏக்கர் பயிரை அழித்தது. 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே இரண்டு லட்சம் கிலோவைக் கொளுத்தியது. நம் காவல்துறை 2021 டிசம்பரிலிருந்து ‘கஞ்சா வேட்டை’ நடத்தியது, 2.0, 3.0, 4.0 என்று எண்கள் ஏறின. வேட்டையில் வியாபாரிகள் சிலரின் வங்கிக் கணக்குகளை முடக்கியது நல்ல வேலை; பணத்தைத் தொட்டால்தான் பெரிய கை வலிக்கும். ஆனால் வேட்டைக்கு எண் போட வேண்டி வந்ததே, முந்தைய வேட்டை போதவில்லை என்பதற்குச் சான்று.

பெரிய வழக்குகள் என்ன ஆகின்றன? 2020 நவம்பரில் மெரினா காவல் நிலையத்தார் 22 கிலோ கஞ்சாவோடு இருவரைப் பிடித்தார்கள். 20 கிலோவைத் தாண்டியதால் வணிக அளவு. வழக்கு சென்னைப் போதைப்பொருள் சிறப்பு நீதிமன்றத்தில் நடந்தது. பறிமுதல் செய்த சரக்கு எங்கே என்று கேட்டபோது, மாதிரிக்கு எடுத்ததுபோக ஏறக்குறைய முழுவதையும் எலிகள் தின்றுவிட்டன என்றது காவல்துறை. 2023 ஜூலையில் இருவரும் விடுதலை. நாடே சிரித்தது. சிரிப்பு அடங்கியபின் யோசிக்க வேண்டியது: 22 கிலோ வழக்கில் தப்பிக்க வழி உண்டு, 22 கிராம் வழக்கில் பையன் அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்தாலும், போலீஸ் சரிபார்ப்பு, பாஸ்போர்ட், அரசு வேலை என்று ஒவ்வொரு படியிலும் அந்த வழக்கு வந்து நிற்கும்.

பையன் யார் என்பதையும் பொறுத்திருக்கிறது. 2021 அக்டோபரில் மும்பைச் சொகுசுக் கப்பல் சோதனையில் இந்தி நடிகர் ஒருவரின் மகன் கைதானார். அவரிடமிருந்து எதுவும் கைப்பற்றப்படவில்லை. ஏறக்குறைய நான்கு வாரம் காவலில் இருந்தார். 2022 மே மாதக் குற்றப்பத்திரிகையில் அவர் பெயர் இல்லை. அந்த நான்கு வாரமும் தொலைக்காட்சிகள் என்.டி.பி.எஸ். சட்டத்துக்கு வகுப்பு எடுத்தன. அவர் கைதான அதே அக்டோபர் மாதத்தில்தான், சிறிய அளவோடு பிடிபடுவோரைக் குற்றவாளியாகக் கருதாமல் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று மத்திய சமூகநீதி அமைச்சகம் பரிந்துரைத்ததாகச் செய்தி வந்தது. குடிசை மாற்று வாரியக் குடியிருப்பிலிருந்து பிடிபடும் பிள்ளைக்காக எந்தத் தொலைக்காட்சியும் வகுப்பு எடுப்பதில்லை.

மக்கள் ஆதரவு என்பது

அமெரிக்காவில் காலப் நிறுவனம் 1969இல் கேட்டபோது கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க ஆதரவு 12 விழுக்காடு. 2023இல் 70. அரை நூற்றாண்டில் ஒரு சமூகம் இப்படித் திரும்பியது தானாக நடக்கவில்லை. 1996இல் கலிபோர்னியாவில் நோயாளிகளை முன்னிறுத்தி மக்கள் வாக்கெடுப்பு வென்றது. கறுப்பினத்தவர் வெள்ளையரைவிட 3.7 மடங்கு அதிகமாகக் கைதாகிறார்கள் என்று 2013இல் குடிமை உரிமை அமைப்பொன்று கணக்குக் காட்டியது. 2012இல் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் கதவைத் திறந்தன, வரிப்பணம் வந்தது, மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. நோயாளி, நீதி, வருவாய் என்று மூன்று வாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

எல்லா இடத்திலும் வென்றுவிடவில்லை. 2020இல் நியூசிலாந்தில் 50.7 விழுக்காடு எதிர்த்தது, 48.4 ஆதரித்தது, தோல்வி. 2024 நவம்பரில் புளோரிடாவில் ஏறக்குறைய 56 விழுக்காடு ஆதரித்தும், 60 தேவை என்பதால் தோல்வி. தாய்லாந்தில் ஒரு கட்சி விவசாயிகளுக்குக் கஞ்சாப் பயிரை வாக்குறுதியாகக் கொடுத்து 2019 தேர்தலில் வளர்ந்தது; 2022 ஜூனில் தடை நீங்கியது; தெருவெங்கும் கடைகள் முளைத்தன; 2025இல் மருத்துவச் சீட்டு இருந்தால்தான் என்று மீண்டும் இறுக்கினார்கள். இன்னொரு கோடியில் சிங்கப்பூர்: 500 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்கு. 2023 ஏப்ரலில் ஒரு கிலோ அளவிலான கஞ்சாக் கடத்தலுக்கு உடந்தை என்று அங்கே தூக்கிலிடப்பட்டவர் ஒரு தமிழர்.

இந்தியாவில் மக்கள் வாக்கெடுப்பு என்ற வழியே இல்லை. ஆதரவு தெரிந்துகொள்ள நமக்கு இருப்பது தேர்தலும் நாடாளுமன்றமும். ஒடிசாவின் ததாகத சத்பதி, பஞ்சாபின் தரம்வீர் காந்தி போன்ற சில உறுப்பினர்கள் துணிந்து பேசினார்கள். தரம்வீர் காந்தி தனிநபர் மசோதாவரை போனார். 2017இல் அமைச்சராக இருந்த மேனகா காந்தி மருத்துவப் பயன்பாட்டை ஆதரித்தார். கட்சி மாறுபட்ட இவர்கள் பின்னால் எந்தக் கட்சியும் வரவில்லை.

அசைவு வேறு பக்கத்திலிருந்து வருகிறது: விவசாயத்திலிருந்து. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு நாருக்கும் விதைக்கும் பயிரிட அனுமதி தர இடம் வைத்திருக்கிறது. உத்தராகண்ட் 2018இல் உரிமம் தந்தது. இமாசல சட்டமன்றம் 2024 செப்டம்பரில், கட்டுப்பாட்டோடு பயிரிடலாம் என்ற குழு அறிக்கையை ஏற்றது. மலை விவசாயிக்கு வாக்கு உண்டு. அதனால் அங்கே அரசியலும் உண்டு. புகைப்பவனுக்காக யாரும் பேசமாட்டார்கள், பயிரிடுபவனுக்காகப் பேசுவார்கள்.

தமிழ்நாட்டில் அந்தப் பயிர் அரசியலும் இல்லை. சித்த மருத்துவத்தில் மட்டும் பழைய உறவு இருக்கிறது. கோரக்கர் மூலி என்று பெயர் சொல்லி, சுத்தி முறை சொல்லி, லேகியத்தில் சேர்ப்பது மரபு. மருந்து விதிகளின் இ(1) அட்டவணையில், மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் தரவேண்டிய சித்த நச்சுப் பொருள்களில் கஞ்சாவும் ஒன்று.

டாஸ்மாக் கற்றுக்கொடுத்தது

‘சாராயம் விற்கலாம், கஞ்சா விற்கக் கூடாதா?’ இளைஞர்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் மது அருந்துவோர் 16 கோடி; அவர்களில் பாதிப்புக்கு உள்ளானோர் 5.7 கோடி. கஞ்சாச் செடியின் ஏதாவது ஒரு வடிவத்தைப் பயன்படுத்துவோர் 3.1 கோடி, அதில் 2.2 கோடி பேர் பாங்கு. சிகிச்சை தேவைப்படுவோர் 72 லட்சம். மதுவின் கேடு பல மடங்கு.

இந்தக் கணக்கிலிருந்து இளைஞர்கள் ‘ஆகவே கஞ்சாவும் விற்கலாம்’ என்கிறார்கள். நான் எதிர்த்திசையில் போகிறேன். மது விற்பனை அரசின் கையில் போனபின் என்ன ஆனது என்று பாருங்கள். 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மீண்டும் கடை திறந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம். 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கையில். 2023–24இல் அதன்வழி வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். 2015இல் மதுவுக்கு எதிரான போராட்டத்தின்போது காந்தியவாதி சசிபெருமாள் மார்த்தாண்டத்தில் இறந்தார். 2016 தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளும் மதுவிலக்கை வாக்குறுதியாகத் தந்தன. ஜெயலலிதா பதவியேற்ற அன்றே 500 கடைகளை மூடக் கையெழுத்திட்டார். வருவாய் குறைந்ததா? ஏறியது. தாய்மார்கள் கடை முன் உட்கார்ந்து போராடியும் முடியாததற்குக் காரணம், பட்ஜெட் அந்தக் கடையின் மேல் உட்கார்ந்திருப்பது.

விற்பனையாளராக அரசு மாறிவிட்டால் அதற்கு வாடிக்கையாளர் வேண்டும். நிறைய குடிப்பவரே நல்ல வாடிக்கையாளர். மது நாட்டுக்கும் வீட்டுக்கும் கேடு என்று புட்டியில் ஒட்டிவிட்டு, தீபாவளிக்கு இலக்கு வைப்பதைக் கண்ணால் பார்த்த மாநிலம் நாம். அப்படியே கஞ்சாவுக்கும் ஒரு கழகம் தொடங்கினால், ஐந்தே ஆண்டில் நலத்திட்டங்கள் அதன் வருமானத்தில் ஓடும். அப்புறம் எந்தக் கட்சியாலும் அதைத் தொட முடியாது. தனியார் கையில் கொடுத்தால் விளம்பரம், மணம், மிட்டாய் வடிவம் என்று வியாபாரம் இளைஞர்களைத் துரத்தும். அரசு விற்பனை கள்ளச்சாராயத்தையும் ஒழிக்கவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது.

கஞ்சா தீங்கற்றது என்று நான் சொல்லவில்லை. வளரும் மூளைக்கு அது கேடு. மனச்சிதைவுக்கு ஆளாகும் தன்மை உள்ளவர்களை அது முன்கூட்டியே தள்ளிவிடும். செறிவு கூடக்கூட ஆபத்தும் கூடும். அதன் வேதிப்பொருள் ஒன்றிலிருந்து செய்த மருந்தைக் கடும் வலிப்பு நோயுள்ள குழந்தைகளுக்குத் தர 2018இல் அமெரிக்கா அனுமதித்ததும் உண்மை. மருந்தாகும் பொருள் தீங்கற்றதாக இருக்க வேண்டியதில்லை, அபினியும் மருந்துதான். தீங்கு உண்டு என்பதால்தான் கடை வேண்டாம் என்கிறேன். தீங்குக்குச் சிறை மருந்தாகாது என்பதால்தான் சிறையும் வேண்டாம் என்கிறேன்.

இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறதா? இருக்கிறது. போர்ச்சுகல் 2001 முதல், பத்து நாள் தேவைக்குள் வைத்திருப்பவரை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல், மருத்துவரும் சமூகப் பணியாளரும் இருக்கும் குழுவின் முன் நிறுத்துகிறது. விற்பனை அங்கே இன்றும் குற்றம். ஜெர்மனி 2024 ஏப்ரல் முதல் பெரியவர்களுக்கு 25 கிராம் வரை அனுமதிக்கிறது; கடைகளைத் திறக்கவில்லை, லாப நோக்கில்லாத சங்கங்கள் மட்டும். தண்டனையை எடுத்துவிட்டால் விற்பனை வந்தே தீரும் என்பது உலக அனுபவம் அல்ல.

செய்யக்கூடியவை

‘பிடித்தால் ஜெயில் இல்லை என்றால் பையன்கள் பயப்படமாட்டார்களே’ என்று பெற்றோர் கேட்பார்கள். அவர்கள் கவலையை நான் மதிக்கிறேன். நாற்பது ஆண்டு பயமுறுத்தியும் பள்ளி வாசலுக்குப் பொட்டலம் வந்துகொண்டுதானே இருக்கிறது? பயம் வியாபாரியைத் தடுக்கவில்லை. பழக்கத்துக்கு ஆளான பிள்ளையைத்தான் மருத்துவரிடம் போகவிடாமல் தடுக்கிறது. வழக்கு வந்துவிடுமோ என்று பெற்றோரே மறைக்கிறார்கள்.

சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு. 27ஆம் பிரிவின் சிறைத் தண்டனையையும், சிறிய அளவுக்கான முதல்முறைச் சிறைத் தண்டனையையும் எடுத்துவிட்டு, ஆலோசனையும் சிகிச்சையும் கட்டாயமாக்க வேண்டும். நம் எம்.பி.க்களிடம் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

அதுவரை மாநிலத்தால் முடிந்தது நிறைய. 64அ பிரிவின்படி, சிறிய அளவு வழக்கில் சிக்கிய அடிமைப் பழக்கமுள்ளவர் தாமாகச் சிகிச்சைக்கு வந்தால் அவர்மீது வழக்கு நடத்த முடியாது. 39ஆம் பிரிவின்படி, தண்டனைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 71ஆம் பிரிவு மறுவாழ்வு மையங்களை நிறுவ அரசுக்கு அதிகாரம் தருகிறது. ரிமாண்டுக்கு வரும் இளைஞரிடம் இந்தப் பிரிவுகளைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர்கள் அந்த வேலையைச் செய்யலாம். இங்கே வந்திருக்கும் இளம் வழக்கறிஞர்களுக்கு இது என் நேரடி வேண்டுகோள்.

சிகிச்சைக்கு இடம் வேண்டும். சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய பணி அடையாறு டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்து, போதை மீட்பில் நாட்டுக்கே வழிகாட்டியது. ஒரு தனியார் அறக்கட்டளையால் முடிந்ததை அரசு ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் செய்ய வேண்டும். இதே ராயப்பேட்டையில் 1911 முதல் இருக்கும் அரசு மருத்துவமனையில், காவல் நிலையம் வழியாகப் போகாமல் ஓர் இளைஞர் நேராக நடந்து வரக்கூடிய தனிப் பிரிவு ஒன்று சிறப்பாக இயங்க வேண்டும். 2022 ஆகஸ்டு 11ஆம் தேதி மாநிலம் முழுவதும் மாணவர்கள் போதைக்கு எதிராக உறுதிமொழி எடுத்தார்கள். உறுதிமொழிக்குப் பக்கத்தில் மருத்துவர் இருந்தால் அது நிற்கும்.

காவல்துறைக்கு: பொட்டலத்தைத் துரத்தும் நேரத்தைக் கணக்குப் புத்தகத்தைத் துரத்தப் பயன்படுத்துங்கள். பறிமுதல் செய்த சரக்கை எலி தின்னாத அறையில் வையுங்கள். சித்த மருத்துவர்களுக்கும் வலி நிவாரண மருத்துவத்துக்கும் உரிமம் கேட்டால் அலையவிடாமல் கொடுங்கள்.

கடைசியாக வாக்காளர்களுக்கு. 2017 ஜூலையில் குட்காப் பொட்டலங்களைச் சட்டமன்றத்துக்குள்ளேயே எடுத்துச் சென்று காட்டியது அன்றைய எதிர்க்கட்சி. இன்று எதிர்க்கட்சி கஞ்சாவைக் காட்டி ஆளுங்கட்சியைக் கேட்கிறது. நாளை இடம் மாறினால் பேச்சும் மாறும். யார் ஆட்சியில் அதிகம் என்ற அந்தப் பழைய பட்டிமன்றத்தில் நாம் உட்கார வேண்டாம். அடுத்த தேர்தலில் உங்கள் வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். முதல்முறை பிடிபட்ட பிள்ளையை மருத்துவமனைக்கு அனுப்பச் சட்டத்தைத் திருத்தக் குரல் கொடுப்பீர்களா? வருமானத்துக்காக இன்னொரு போதைக்குக் கடை திறக்கமாட்டோம் என்று எழுதிக் கொடுப்பீர்களா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்று சொல்லத் துணிகிறவருக்கு, அவர் எந்தக் கட்சியானாலும், வாக்களியுங்கள்.